மூன்று கதவுள்ள அறையின் உள்கூரை

ஏலத்தில் எடுத்த அந்தத் தகரங்களோடு ஓரின் வந்து நின்ற அன்றே என் குழப்பம் தொடங்கிவிட்டது. பிக்கப் வண்டியின் பின்தட்டை இறக்கி, கோழிவலைச் சுருளுக்கு அடியிலிருந்து ஒரு தகட்டை உருவி, கையுறையாலேயே தூசியைத் துடைத்து என் முன்னால் பிடித்தான்.

"எப்படி இருக்கு?"

"மோசமில்ல," என்றேன்.

எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவனுக்கும் அது தெரியும். காதுமடல் சிவக்கத் தகட்டை மறுபடி வண்டிக்குள் தள்ளினான். நடுவில் ஒரு மலர்வளையம், அதிலிருந்து நான்கு மூலைக்கும் ஓடும் நாடா என்று அச்சில் அழுத்தி எழுப்பிய தகரம். வெள்ளை, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் பழுப்பு எனப் பழைய பெயிண்ட் பொருக்குத்தட்டிப் போயிருந்தது. எந்தக் கடையின் உள்கூரையாக இருந்தது, யார் கழற்றி அந்தப் பண்ணையின் வைக்கோல் பரணில் போட்டார்கள் என்பதெல்லாம் ஏலம் விட்டவருக்கே தெரியவில்லை.

"சாப்பாட்டு அறைக்கு," என்றான் ஓரின். "அளவு கிட்டத்தட்ட சரியா வரும்."

யாருடைய சாப்பாட்டு அறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான் என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஓரின் ட்வெய்ட் மின்சாரக் கூட்டுறவில் கம்பி இழுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மனைவி கொலெட் இறந்த பிறகு அவளோடு வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டு, ஆற்றுக்கு மேலே குன்றுத் தெருவில் நூறு வயதைத் தாண்டிய இந்த வீட்டை வாங்கினான். ஏன் வாங்கினாய் என்று கேட்டதற்கு, "விலைக்கு வந்துச்சு" என்றான். ஒருவருக்குத் தேவையில்லாத அளவுக்குப் பெரிய வீடு. சனிக்கிழமைதோறும் நான் அங்கே போய்ச் சுவர்த்தாள் சுரண்டுவேன், பழைய சாந்து அள்ளிக் கொட்டுவேன். மாலையானதும் மருந்துக்கடைக்கு மேலிருக்கும் என் வாடகை ஃப்ளாட்டுக்குத் திரும்பிவிடுவேன். திருமணத்துக்கு முன் சில காலமும் மணமுறிவுக்குப் பின் நெடுங்காலமும் தனியாக இருந்தவள் நான். எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓரினோடு மீன் சாப்பிடவும், தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்காரவும் பழகியிருந்தேன். அவன் தன்னோடு வந்து வாழச் சொல்வானா, சொன்னால் போவேனா என்கிற இரண்டும் தெரியாமல் அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஃப்ளாட்டின் சொந்தக்காரர் லோவல் படியேறி வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவசரம் ஒண்ணுமில்ல மார்லிஸ். என் தங்கச்சி பொண்ணு ஊருக்குத் திரும்பி வரா. நீ வேற எங்கயாவது போறதா இருந்தா சொல்லு. போகலன்னா ரொம்ப நல்லது. ஏப்ரல் முடியறதுக்குள்ள சொன்னாப் போதும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

யோசிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டிய விஷயம் ஓரினின் வாயில் இருந்தது. அல்லது அப்படி நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதத்தில் ஆற்றில் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது அவனுடைய கராஜில் தகரங்களுக்குப் பெயிண்ட் உரித்தோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் இருவருக்கும் முகமூடி. களிம்பு மாதிரி ஒரு மருந்தைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஊறவைத்து, பிறகு தூரிகையால் தேய்த்தால் நிறங்கள் ஒவ்வொன்றாகக் குழைந்து வரும். மலர்வளையத்தின் சின்ன இதழ்களுக்கிடையில் பச்சை மட்டும் விடாப்பிடியாக நிற்கும். அதைப் பல்துலக்கும் பிரஷால் எடுப்பது என் வேலை. முகமூடி போட்டிருந்ததால் பேச வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. இருவருக்கும் அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஓரினின் அக்கா ஆர்டிஸ் எலுமிச்சை கேக் துண்டுகள் அடுக்கிய தட்டோடு கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் பாங்கு கொள்ளைக்கா கிளம்பிட்டிருக்கீங்க?"

ஓரின் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான். "உள்ள வராதே. மருந்து நெடி."

"வரல. ஏன்டா, புதுசாவே கடையில விக்கிறானாமே இந்தத் தகரம். பளபளன்னு. ஒரு நாள்ல வேலை முடிஞ்சிருக்கும்."

"இது கனமான தகரம். இப்பல்லாம் இந்த கனத்துல வர்றதில்ல."

"உன் மண்டையும்தான்," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மார்லிஸ், இவன்கிட்ட சம்பளம் கேளு. கேக்கலன்னா இவனுக்குத் தோணாது."

"எனக்கு இது பொழுதுபோக்குதான்," என்றேன்.

ஓரின் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு முகமூடியை ஏற்றிக்கொண்டான். அந்தப் பார்வையை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். பொழுதுபோக்கு என்று சொன்னது அவனுக்குச் சுருக்கென்று பட்டிருக்குமா? அல்லது நான் கூலி கேட்கவில்லையே என்கிற நிம்மதியா? என் வேலை மருத்துவமனையின் முன்மேசையில். கையில் துண்டைச் சுற்றி ரத்தம் சொட்ட வருகிறவரும் "எனக்கொண்ணும் அவசரமில்ல, அவங்க முதல்ல போகட்டும்" என்றுதான் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்தே எத்தனை அவசரம் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஓரின் விஷயத்தில் மட்டும் அந்தத் திறமை வேலை செய்யவில்லை.

தகரங்கள் இருபுறமும் பிரைமர் அடித்துக் காய்ந்தன. சாப்பாட்டு அறையின் விட்டங்களுக்கு ஓரின் ப்ளைவுட் அடித்து முடித்திருந்தான். ஏப்ரல் முதல் சனிக்கிழமை நூல் அடித்தோம். சுண்ணப்பொடி தோய்ந்த நூலின் ஒரு முனையை நான் பிடிக்க, அவன் மறுமுனையை இழுத்துச் சுண்ட, ப்ளைவுட்டில் நீலக் கோடு விழும். அறையின் நடுவைக் கண்டுபிடித்துவிட்டுக் கீழே இறங்கி நின்று இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

"இதுல ஒரு விஷயம் இருக்கு," என்றான். "எங்கேர்ந்து ஆரம்பிக்கிறோம்கிறது."

"நடுவுலேர்ந்து இல்லையா?"

"கோடு நடுவுலேர்ந்து. அடிக்கிறது ஒரு சுவர்லேர்ந்து."

இரண்டு தகடுகளைக் கையில் எடுத்துக் காட்டினான். ஒரு தகடு அடுத்ததன் ஓரத்தை விரற்கடை அளவு மூடிக்கொண்டு உட்காரும். மூடிய தகட்டின் வெட்டு விளிம்பு ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும். அந்தப் பக்கம் நின்றால் அறை முழுக்க வரிவரியாய்க் கோடு. எதிர்ப்பக்கம் நின்றால் ஒன்றும் தெரியாது, ஒரே தகடு ஓடுவது போல இருக்கும். அதனால் ஆட்கள் எந்தக் கதவு வழியாக அறைக்குள் வருவார்களோ அதற்கு மிகத் தொலைவான சுவரில் முதல் வரிசையை அடித்துவிட்டு, கதவை நோக்கி வர வேண்டும். உள்ளே நுழைகிறவர் கண்ணுக்கு இணைப்பே தெரியாது.

அந்த அறைக்கு மூன்று கதவுகள். ஒன்று தெருப்பக்கம். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் முன்கதவை யாரும் தொடுவதில்லை. அது தட்டப்பட்டால் மதம் பரப்ப வந்தவர்கள், இல்லையென்றால் சாவுச் செய்தி. ஓரின் வீட்டின் முன்கதவு சட்டத்தோடு சேர்ந்து ஊதிப்போய்க் கிடந்தது. இன்னொன்று சமையலறைக் கதவு. பின்வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, தட்டாமல் கொள்ளாமல், "இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் வருவது அந்த வழிதான். மூன்றாவது அதற்கு நேர் எதிர்ச்சுவரில் இருந்த குறுகலான கதவு. அதைத் திறந்தால் மாடிப் படிக்கட்டு.

ஓரின் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ எந்தக் கதவு வழியா வருவே?"

"நானா? சமையலறைப் பக்கம்தான். எப்பவும் போல."

"எப்பவும் போல," என்றான்.

"ஏன், முன்கதவைத் திறக்கப் போறியா?"

"இல்ல. சும்மா கேட்டேன்." பென்சிலை மறுபடி காதில் செருகினான். "அப்ப படிக்கட்டுச் சுவர்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"உனக்கு எது வசதியோ செய் ஓரின். உன் கூரைதானே."

மரியாதையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் அபிப்பிராயம் வைக்காதே என்பது எங்களுக்கு ஞானஸ்நானத்தோடு கொடுக்கப்படுவது. அவன் ஏணியை எடுத்துப் போய்ப் படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சாத்தினான். மெதுவாகச் சாத்தினான். அதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் மாலைகளில் தகரம் ஏற்றினோம். இரண்டு ஏணிகளுக்கு நடுவே பலகை. நான் ஆங்கில டி எழுத்து வடிவில் அடித்த முட்டுக்கட்டையால் தகட்டின் நடுவைத் தாங்கிப் பிடிப்பேன். ஓரின் ஓரத்துப் புடைப்புகளில் ஆணி வைத்து அடிப்பான். பழைய தகரம் பழைய துளைகளோடு வந்திருந்தது. சில தகடுகளில் இரண்டு தரம் ஆணி வாங்கிய அடையாளம். அதையெல்லாம் தவிர்த்துப் புதிதாக இடம் தேட வேண்டும். அடித்த பிறகு, மழுங்கிய உளியை இணைப்பின் மேல் வைத்துத் தட்டிக்கொண்டே போனால் இடைவெளி மூடிக்கொள்ளும். அந்தத் தட்டும் ஓசை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஓரின் மாறிவிட்டிருந்தான். கோபம் இல்லை. கோபமாக இருந்தால்கூட எதையாவது பிடித்துக்கொள்ளலாம். அவன் என்னிடம் ரொம்ப மரியாதையாகிவிட்டான். காபி வேண்டுமா என்று கேட்டான், அதற்கு முன் கேட்காமல் ஊற்றுகிறவன். நான் கிளம்பும்போது வண்டிக் கண்ணாடியின் பனியைச் சுரண்டிவிட்டு, "ரொம்ப உதவி பண்ணே மார்லிஸ்" என்றான். யாரோ தேவாலயத்திலிருந்து வந்த தன்னார்வலருக்குச் சொல்வது போல.

ஒரு மாலை, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"லோவலோட ஃப்ளாட் நல்ல ஃப்ளாட். குளிருக்கு நல்லா சூடு வருது."

"ஆமா."

"விட்டுட்டா அந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்காது. வெச்சுக்கறதுதான் நல்லது."

முட்டுக்கட்டையை இன்னும் கொஞ்சம் மேலே அழுத்தினேன். "அப்படித்தான் நானும் நினைக்கிறேன்," என்றேன்.

"நல்லது," என்றான். ஆணி ஒன்றை எடுத்து அடித்தான்.

வீட்டுக்குப் போய்க் கோட்டுகூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆக, அவன் என்னைக் கூப்பிடப் போவதில்லை. வருத்தப்பட வேண்டும். வருத்தம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. பல் பிடுங்க வேண்டாம் என்று சொன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு ஆசுவாசம். அது வந்ததும் எனக்கு என் மேலேயே கோபம். நான் எதை விரும்பினேன்? அவன் கேட்க வேண்டும் என்பதையா, அவனோடு இருக்க வேண்டும் என்பதையா? இரண்டும் ஒன்றா? கேட்டால் போதும், பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்று எண்ணியிருந்தேனா? மறுநாள் காலை லோவலிடம் ஃப்ளாட்டை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லப் படியிறங்கினேன். அவர் மருந்துக்கடை வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். குறுக்கிட வேண்டாமென்று திரும்பி ஏறிவிட்டேன். குறுக்கிடக் கூடாது என்பதுதான் உண்மையான காரணமா என்பதும் தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தின் நிலவறையில் காபிக் கோப்பைகள் கழுவுவது அந்த வாரம் என் முறை. ஆர்டிஸ் துடைத்தாள். மேசையில் சாக்லேட் கேக் துண்டுகள் வைத்த தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அதையும் யாரோ பாதியாக வெட்டியிருந்தார்கள், அந்தப் பாதியை இன்னொருவர் பாதியாக.

"என் தம்பி ஒரு வாரமா டப்பா சூப்பு குடிச்சிட்டிருக்கான்," என்றாள் ஆர்டிஸ். "சுட வெக்காம. ஸ்பூனால அப்படியே."

"வேலை அதிகம் போல."

"நீ இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கல மார்லிஸ். செஞ்சதைத் தப்புன்னு சொல்லல. உன் வாழ்க்கை. ஆனா வேண்டாம்னு சொல்லிட்டு அதுக்கப்புறமும் போய்க் கட்டையைப் பிடிச்சிட்டு நிக்கிறியே, அதுதான் எனக்குப் புரியல."

என் கையிலிருந்த கோப்பை தொட்டிக்குள் நழுவியது.

"எதை வேண்டாம்னு சொன்னேன்?"

"அவனை."

"அவன் என்னை எதுவும் கேக்கலியே."

"கேட்டானாம்."

"எப்ப?"

"கூரைக்கு நூல் அடிச்ச அன்னிக்கு. நீ எந்தக் கதவு வழியா வருவேன்னு கேட்டானாம். நீ சமையலறைன்னு சொன்னியாம்."

"ஆமா, சொன்னேன். அது தகரத்துக்கு."

ஆர்டிஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மந்தமான குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"சமையலறை வழியா யாரு வருவாங்க? நான் வருவேன். தபால்காரர் வருவார். பக்கத்து வீட்டு எல்சாவோட நாய் வரும். அந்த வீட்டு மாடியில தூங்கி எந்திரிச்சவ காலையில காபிக்கு எந்தக் கதவைத் திறந்துட்டு வருவா?"

குழாயை மூடினேன். மூடிய பிறகும் தண்ணீர் ஓடுவது போலவே இருந்தது.

"இதையா கேட்டான்?"

"இதைத்தான். பயிற்சி பண்ணிட்டுப் போயிருக்கான் பாவம். என்கிட்ட சொல்லிப் பார்த்தான். நான்கூட 'ரொம்ப நேரடியா இருக்கேடா, பொண்ணு பயந்துடப் போறா'ன்னேன்."

"நேரடியா?"

"கொலெட்டை எப்படிக் கேட்டான் தெரியுமா? 'இந்தப் படகுல ரெண்டு பேர் உக்காரலாம்'னான். அவ கெட்டிக்காரி. ஏறி உக்காந்துட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. ஆர்டிஸ் இரண்டையும் பார்க்காத மாதிரி தட்டுப் பக்கம் திரும்பி, மிஞ்சியிருந்த கால் துண்டை மறுபடி பாதியாக வெட்டினாள்.

"அப்ப நீ வேண்டாம்னு சொல்லல," என்றாள் முதுகைக் காட்டியபடி.

"தெரியல," என்றேன்.

"என்ன தெரியல? சொன்னியா, சொல்லலியா?"

"அதான் தெரியல ஆர்டிஸ்."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க ரெண்டு பேரையும் ஆத்துல தூக்கிப் போடணும்," என்றாள். பிறகு கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

குன்றுத் தெருவுக்கு நடந்தே போனேன். பத்து நிமிட வழி. பேச வேண்டியதைத் தயார் செய்துகொள்ளலாம் என்று நடந்தேன், ஒன்றும் தயாராகவில்லை. கேள்வி எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மையா? மூன்று கதவுகளும் கண்ணெதிரே இருந்தன. படிக்கட்டுக் கதவு எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை? முதல் கல்யாணத்தில் நான் வாழ்ந்தது மாமியார் வீட்டில். சுவரில் ஒரு படம் மாட்டக் கேட்க வேண்டியிருந்த வீடு. அங்கிருந்து வெளியே வந்தபோது எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். ஒரு பெட்டியில் எல்லாமே அடங்கியதைப் பார்த்து எனக்கு மட்டும் உள்ளூரப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் விருந்தாளிதான், என் ஃப்ளாட்டிலும் அப்படித்தான். விருந்தாளியாக இருக்கிறவளை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது, அவளே போய்விடுவாள். சமையலறைப் பக்கம்தான் என்று சொன்ன வாய் தெரியாமல் சொன்னதா, அல்லது என்னைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்ததா? ஒன்றை நம்பினால் ஓரின்மேல் கோபப்பட முடியும். மற்றதை நம்பினால் அவன் சரியாகவே புரிந்துகொண்டான் என்றாகிறது. குன்று ஏறி முடிக்கும்வரை இரண்டுக்கும் நடுவில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தேன்.

பின்வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். சமையலறையைக் கடந்து சாப்பாட்டு அறையின் வாசற்படியில் நின்றேன். உள்கூரை முழுதும் ஏறிவிட்டிருந்தது. நான் இல்லாதபோது கடைசி வரிசையை ஓரின் தனியாகவே அடித்து முடித்திருக்கிறான். மலர்வளையங்கள் ஒன்றையொன்று நாடாவால் பிடித்துக்கொண்டு, எங்கும் வெட்டுப்படாமல், எதிர்ச்சுவர்வரை ஓடின. ஒரு இணைப்பும் தெரியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. வாசலில் நிற்கும் விருந்தாளிக்காக ஒரு மனிதன் கழுத்து வலிக்க வலிக்கச் செய்த வேலை.

ஓரின் மூலையில், சுவரும் கூரையும் சேரும் இடத்துக்கான வளைவுத் தகரத்தை வெட்ட, அட்டையில் அளவு எடுத்துக்கொண்டிருந்தான்.

"காபி இருக்கு," என்றான். "வேணுமா?"

அவனைக் கடந்துபோய்ப் படிக்கட்டுக் கதவைத் திறந்து மேலே ஏறினேன். சாந்து மூட்டை இறக்கத் தவிர நான் அந்தப் படிகளில் ஏறியதில்லை. மேலே அவன் கட்டில், சலவைத் துணி குவிந்த நாற்காலி, திரை போடாத ஜன்னல். ஜன்னலில் ஆறு. சற்று நேரம் அங்கே நின்றேன். இங்கே நான் தூங்கி எழுவதை நினைத்துப் பார்க்க முயன்றேன். நினைவுக்கு வந்ததெல்லாம் குளிர்ந்த தரையில் சாக்ஸ் தேடுவது மட்டும்தான். பரவாயில்லை, அதுவாவது வந்தது. பிறகு கீழே இறங்கி, சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் அது வேறு கூரை. ஒவ்வொரு வரிசையின் விளிம்பும் தனித்தனியாக நிழல் கட்டி நின்றது. ஒட்டுப்போட்ட மாதிரி. சில இடங்களில் விளிம்பு லேசாக எழும்பியிருந்தது. மலர்வளையங்கள் கோடுகளுக்கு நடுவே சிறைப்பட்டுக் கிடந்தன.

"ஓரின்."

"ம்."

"இங்கேர்ந்து எல்லா விளிம்பும் தெரியுது."

"அந்தப் பக்கத்துக்கு அப்படித்தான் தெரியும்."

"நீ கூரையைப் பத்திக் கேக்கறேன்னு நினைச்சேன்."

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். தகரக் கத்தரியைப் பையில் போட்டான், மறுபடி வெளியே எடுத்தான்.

"கூரையைப் பத்தியும்தான் கேட்டேன்," என்றான். பிறகு, "ஆர்டிஸா?"

"ஆர்டிஸ்தான். நேரா கேட்டிருக்கலாமே."

"நேராத்தான் கேட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அதை மனப்பூர்வமாக நம்பினான். அதில் வாதாட ஒன்றுமில்லை.

"நீ எப்பவும் போலன்னு சொன்னே," என்றான். "உன் கூரைதானேன்னும் சொன்னே. அதுக்கு மேல உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

"அதனாலதான் ஃப்ளாட்டை வெச்சுக்கோன்னியா?"

"உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாது இல்ல. நீ போறதுக்கு ஒரு இடம் இருக்கணும்."

சமையலறையில் காபிப் பானையில் வெந்நீர் சீறி அடங்கியது. அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கம்பத்தடியில் நின்று அறுந்த கம்பியைப் பார்ப்பது போல, எங்கே தொடங்குவது என்று கணக்குப் போடும் பார்வை.

"கழட்டித் திருப்பிடலாம்," என்றான்.

"முடியுமா?"

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "பாதி கிழிஞ்சிடும். ஏற்கெனவே ரெண்டு தடவை ஆணி வாங்கின ஓரம். இப்ப மூணாவது. நாலாவது தாங்காது." மறுபடி பார்த்தான். "கிழிஞ்ச இடத்துக்கு அந்தப் புதுத் தகரம் வாங்கிப் போடலாம். பளபளன்னு இருக்கும். பெயிண்ட் அடிச்சா தெரியாது."

"தெரியும்."

"ஆமா, தெரியும்."

இப்போது நான்தான் ஏதாவது சொல்ல வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உனக்கு எது வசதியோ. அது தொண்டைவரை வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்தினேன்.

"சமையலறைன்னு சொன்னது உன் கேள்வி புரியாமத்தான்," என்றேன் கடைசியில். "ஆனா புரிஞ்சிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேனோன்னு சந்தேகமா இருக்கு ஓரின். வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். தெரியல."

"இப்ப?"

"இப்பவும் முழுசா தெரியல."

அவன் தலையாட்டினான். அதை மோசமான செய்தி கேட்டவன் போலச் செய்தான், ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"தெரியாமயேதான் லோவல்கிட்ட சொல்லப் போறேன்," என்றேன். "தங்கச்சி பொண்ணுக்கே ஃப்ளாட்டைக் குடுத்துடுங்கன்னு."

அவன் காது சிவந்தது. கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தினமும் காலையில உனக்கு விளிம்புதான் தெரியும்," என்றான். "சமையலறையிலேர்ந்து வர்றவங்களுக்கெல்லாம் நல்லா தெரியும். ஆர்டிஸுக்கு. நாய்க்கு. உனக்கு மட்டும்..."

"தெரியட்டும். கழட்டாதே."

"இணைப்புல பட்டி வெச்சு இழுத்தா கொஞ்சம் மறையும்."

"ஓரின், கழட்டாதே."

"சரி."

அவன் சந்தோஷமாக இருந்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கத்தரியை ஏணிப் படியில் வைத்தான், அட்டையை அதன்மேல் வைத்தான், அட்டை விழுந்தது, குனிந்து எடுத்தான். நான் சந்தோஷமாக இருந்தேனா என்பதும் தெரியவில்லை. காலுக்கடியில் படிக்கட்டின் கடைசிப் படி இருந்தது. நான் இன்னும் அறைக்குள் இறங்கவே இல்லை என்பதைக் கவனித்து, இறங்கி வந்தேன்.

"மாடியில," என்று தொடங்கி நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். அவன் வாழ்நாளில் இவ்வளவு நேராக யாரையும் கேட்டிருக்க மாட்டான். "மாடியில கட்டில்ல நீ எந்தப் பக்கம் படுப்பே? சுவர்ப் பக்கமா, ஜன்னல் பக்கமா?"

"சுவர்ப் பக்கம்," என்றேன் உடனே.

எங்கே போனாலும் நான் சுவர்ப் பக்கம்தான் படுப்பேன். எழுந்து போகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒடுங்கிக்கொள்ளலாம்.

"இல்ல, இரு," என்றேன். "அவசரப்படாதே. யோசிச்சுச் சொல்றேன்."

ஓரின் ஏணியில் ஏறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நான் யோசித்து முடிக்கட்டும் என்று நின்றான்.